எடைபோடுவதும் புற்றுநோய் சிகிச்சைதான்

புற்றுநோய் வந்த ஒருவரைப் பார்த்துவிட்டு வரும் உறவினர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் பேசிக்கொள்வது அநேகமாக ஒரே விஷயம்தான்: ஆள் பாதியாகிவிட்டார். கன்னம் ஒட்டிவிட்டது, வளையல் கழன்று விழுகிறது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மருத்துவம் படிக்காதவர் கண்ணுக்கும் முதலில் தெரிகிற இந்த மாற்றத்துக்கு, நோயாளி சுமந்து திரியும் தடித்த ஃபைலில் உரிய இடம் கிடைப்பதில்லை. பயாப்ஸி முடிவு அதில் இருக்கும். ஸ்கேன் படங்கள் இருக்கும். கட்டியின் நீள அகலம் மில்லிமீட்டர் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். ஆறு மாதத்துக்கு முன்பு இவர் எத்தனை கிலோ, இன்று எத்தனை கிலோ, இறங்கிய எடைக்கு என்ன செய்தோம் என்ற கணக்கைத் தேடினால் கிடைப்பது அரிது. கீமோ மருந்தின் அளவை முடிவுசெய்வதற்காக எடை பார்ப்பார்கள். குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்டுப் பார்ப்பது குறைவு. புற்றுநோயில் உடல் உருகுவது நோயின் நிழல் என்றும், கட்டி போனால் அதுவும் போய்விடும் என்றும் நினைத்துப் பழகிவிட்டோம். இந்த நினைப்பு தவறு என்பதும், அந்தத் தவறுக்கு உயிர்களை விலையாகக் கொடுக்கிறோம் என்பதும்தான் இங்கே நான் சொல்ல வந்தது. மெலிவு தனியாக ஒரு நோய். அதை அளக்க முடியும். முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவுக்குச் சிகிச்சை தரவும் முடியும். அந்தச் சிகிச்சை முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

இந்த மெலிவுக்கு மருத்துவ உலகம் ககெக்ஸியா என்று பெயர் வைத்திருக்கிறது. 2011இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி அதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் அது ககெக்ஸியா. ஏற்கெனவே ஒல்லியாக, உடல் நிறை குறியீடு 20க்குக் கீழே இருப்பவர் என்றால் 2 விழுக்காடு இறங்கினாலே போதும். நம் ஊருக்கு இந்த இரண்டாவது விதி மிக முக்கியமானது. 45 கிலோ எடையுள்ள ஒரு கூலித்தொழிலாளிப் பெண்ணுக்கு 2 விழுக்காடு என்பது வெறும் 900 கிராம். ஒரு கிலோ குறைந்தது என்று அவர் சொன்னால் வெயிலில் அலைந்தது என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள். மருத்துவமனையிலும் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மெலிவோ அதற்குள் ககெக்ஸியாவின் எல்லையைத் தாண்டியிருக்கும். முற்றிய புற்றுநோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த மெலிவு உண்டு; கணையம், இரைப்பைப் புற்றுநோய்களில் இன்னும் அதிகம். புற்றுநோய் இறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கு மெலிவே நேரடிக் காரணம் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக ஒரு கணிப்பைச் சொல்லிவருகின்றன. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது, 9 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள் என்பது உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின் மதிப்பீடு. ஐந்தில் ஒன்று என்ற கணிப்பு மிகை என்று வைத்து அதைப் பாதியாக வெட்டினாலும், ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் உயிர்கள்.

கட்டி எவ்வளவு பெரியதாக இருந்துவிடப் போகிறது? பல நேரங்களில் உடம்பிலுள்ள கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கிலோ தேறாது. ஆனால் நோயாளி பத்து, பதினைந்து கிலோ இழந்திருப்பார். கட்டி சத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டது என்ற பாமர விளக்கம் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. உண்மையில் நடப்பது வேறு. கட்டியும் அதை எதிர்க்க வரும் நோயெதிர்ப்பு அணுக்களும் சைட்டோகைன் என்னும் அழற்சிப் பொருள்களை ரத்தத்தில் கொட்டுகின்றன. அவை போய்ச் சேராத உறுப்பு இல்லை. கல்லீரல் தன் வழக்கமான வேலையைக் குறைத்துக்கொண்டு அழற்சிப் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது; அதற்குத் தேவையான மூலப்பொருள் தசையிலிருந்து வருகிறது. கட்டி சர்க்கரையை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக மாற்றி வெளியே தள்ளுகிறது. இதை 1920களிலேயே ஓட்டோ வார்பர்க் கண்டு சொன்னார். அந்தக் கழிவைக் கல்லீரல் மறுபடியும் சர்க்கரையாக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உடலின் ஆற்றல் வீணாகிறது. பட்டினி கிடக்கும் ஆரோக்கியமான உடல் சில நாளில் சுதாரித்துக்கொண்டு, கொழுப்பை எரித்துத் தசையைக் காப்பாற்றும். புற்றுநோய் உடலுக்கு அந்தச் சுதாரிப்பு இல்லை. கொழுப்பும் கரையும், தசையும் கரையும். கை கால் தசை மட்டுமல்ல, மூச்சிழுக்கும் தசையும் இதயத் தசையும் மெலியும். இருமிச் சளியைத் துப்பத் தெம்பில்லாத ஒருவருக்கு வரும் நிமோனியாதான் பல வீடுகளில் கடைசிக் காரணமாகிறது.

பசி ஏன் போகிறது என்பதற்கும் இப்போது தெளிவான விளக்கம் கிடைத்திருக்கிறது. ஜிடிஎஃப்-15 என்னும் புரதம் பல புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கிறது. அதை ஏற்கும் வாயில், மூளையின் பின்பகுதியில் வாந்தி உணர்வை எழுப்பும் இடத்தில் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்று நோயாளி சொல்வது அடமோ, மனச்சோர்வோ, வாய்க்கொழுப்போ இல்லை. மூளைக்கு ஒரு வேதிக் கட்டளை போய்க்கொண்டிருக்கிறது. "உனக்காக இத்தனை செய்து வைத்திருக்கிறேன், ரெண்டு வாய் சாப்பிடக் கூடாதா" என்று அழும் மனைவிக்கும், அதைக் கேட்டுக் குற்ற உணர்வில் குறுகும் கணவனுக்கும் இந்த ஒரு தகவலை முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எத்தனை சண்டை குறைந்திருக்கும்!

மெலிவு மட்டும் தனியாக வருவதில்லை. அதே அழற்சி, கல்லீரலை ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அது உடலில் இருக்கும் இரும்பைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிடுகிறது. அதனால்தான் எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் சிலருக்கு ரத்தம் ஏறுவதில்லை. கட்டி ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. பாரிஸைச் சேர்ந்த அர்மான் த்ரூசோ என்ற மருத்துவர் கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறைவதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1865இல் எடுத்துச் சொன்னார். பிறகு தன் உடம்பிலேயே அந்த அறிகுறியைக் கண்டு தனக்கு வந்திருப்பது இன்னதென்று தெரிந்துகொண்டு, 1867இல் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும், ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வா என்று எல்லா நோயாளிகளிடமும் நாம் சொல்லி அனுப்புவதில்லை. காலில் உறைந்த அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும். கால்சியத்தின் கதையும் இப்படித்தான். நுரையீரல், வாய், தொண்டைப் பகுதிகளில் வரும் சில புற்றுநோய்கள் பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அது எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்தில் ஏற்றுகிறது. தாகம், மலச்சிக்கல், ஓயாத தூக்கம், பேச்சில் குழப்பம் என்று நோயாளி மாறிப்போவார். கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று வீட்டார் ஊரிலிருந்து சொந்தங்களை வரவழைப்பார்கள். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை செய்து, நரம்பு வழியே உப்புநீரும் எலும்பைக் காக்கும் ஊசியும் போட்டால், அவர்களில் பலர் சில நாளில் தெளிந்து எழுந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைப்பது சில வாரங்களோ சில மாதங்களோ, பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிகிற வாரங்கள் அவை. எடை இயந்திரமும் எளிய ரத்தப் பரிசோதனையும் பிடித்துக்கொடுக்கக் கூடியவற்றைத் தவறவிட்டுவிட்டு, புற்றுநோய் கொண்டுபோய்விட்டது என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. முதலில் கட்டியை ஒழியுங்கள், மற்றவை தானாகச் சரியாகும், கட்டியை விட்டுவிட்டு எடையைக் கவனிப்பது வேரை விட்டு இலைக்குத் தண்ணீர் ஊற்றுவதாகும் என்பார்கள். கட்டியை முழுவதும் நீக்க முடிகிற தொடக்க நிலையில் இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டியை ஒழிக்கும் சிகிச்சையைத் தாங்க வேண்டியது இந்த உடல்தானே. கீமோ மருந்தின் அளவு நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரே எடை உள்ள இருவரில் ஒருவருக்குத் தசை அதிகம், இன்னொருவருக்குக் கொழுப்பு அதிகம் என்றால், தசை குறைந்தவருக்கு அதே அளவு மருந்து கூடுதலான நஞ்சாகிறது என்று சிடி ஸ்கேன் வழியே தசையை அளந்து செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வெள்ளணுக் குறைவும் வந்தால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், சிலருக்கு நிறுத்தவே வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதும் தையல் பிடிப்பதும் புரதத்தை நம்பித்தான். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் ஆறேழு வாரங்களில் விழுங்க முடியாமல் எடை சரிந்தால் சிகிச்சை இடையில் நிற்கிறது. அங்கே இடைவெளி விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும் வாய்ப்பு கூடுகிறது. எனவே உடலைக் காப்பது கட்டிக்கு எதிரான போரின் ஒரு பகுதி. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்கள் கட்டிக்கான சிகிச்சையின் வெற்றியையே குறைக்கிறார்கள்.

இதைவிட ஆபத்தான மறுப்பு மருத்துவமனைக்கு வெளியிலிருந்து வருகிறது. நன்றாகச் சாப்பிட்டால் கட்டிக்குத்தான் தீனி போடுகிறோம், சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியில் சாகும், பழச்சாறு மட்டும் குடித்து நாற்பது நாள் இருந்தால் குணமாகும் என்று வாட்ஸ்ஆப்பிலும் யூடியூபிலும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வார்பர்க் சொன்னதை அரைகுறையாக எடுத்துக்கொண்டு பேசப்படும் பேச்சு இது. நாம் வாய் வழியே சர்க்கரை கொடுக்காவிட்டாலும் கல்லீரல் தசைப் புரதத்தை உடைத்துச் சர்க்கரை செய்து ரத்தத்தில் விடும். கட்டி அதை எடுத்துக்கொள்ளும். பட்டினியில் முதலில் தோற்பது நோயாளி. ஊட்டச்சத்து கொடுத்ததால் மனிதர்களுக்குக் கட்டி வேகமாக வளர்ந்தது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்றே ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்றும் அது பரிந்துரைக்கிறது. 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். நம் வீடுகளில் நோயாளிக்கு என்று ஒதுக்கும் உணவை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரிசிக் கஞ்சி, இட்லி, ரசம் சாதம், இளநீர். காய்ச்சலுக்கு நாலு நாள் இது சரி. மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் தேவைப்படும் புரதத்தில் பாதிகூடத் தேறாது. முட்டை சூடு, மீன் கவுச்சி, பருப்பு வாயு, தயிர் சளி என்று ஒவ்வொன்றாகப் பத்தியத்தில் கழித்துவிட்டு, தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று மருத்துவரிடம் கேட்கிறோம். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 25 கிராம் சர்க்கரை. ஏறத்தாழ இரண்டு இட்லியின் ஆற்றல். புரதம் துளியும் இல்லை. அன்பில் செய்யும் பத்தியம்தான். அந்த அன்புக்கு வழிகாட்ட மருத்துவமனையில் ஓர் உணவியல் நிபுணர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அறிவியல் தரப்பிலிருந்து வரும் மறுப்பு இன்னும் கூர்மையானது. உணவு மட்டும் கொடுத்து ககெக்ஸியாவை முழுதாகத் திருப்ப முடியாது என்று 2011ஆம் ஆண்டு வரையறையே சொல்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அழற்சிப் பொருள்களைத் தடுத்துப் பார்த்த முயற்சிகளும் ஏமாற்றியிருக்கின்றன. 1985இல் உடலைக் கரைக்கும் பொருளைத் தேடிய நியூயார்க் ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதும், கட்டியை அழிக்கும் என்று பத்தாண்டு முன்பு பெயர் சூட்டப்பட்ட டிஎன்எஃப் என்ற பொருளும் ஒன்றே என்று அறிந்தார்கள்; அதைத் தடுத்துவிட்டால் மெலிவு நின்றுவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. மனிதர்களிடம் சோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. ஒரு கட்டளையை அடைத்தால் உடல் இன்னொன்றின் வழியே கரைகிறது. ஆனால் 2011இல் நின்ற இடத்திலேயே மருத்துவம் இன்றும் நிற்கவில்லை. நான் சுட்டிக்காட்ட விரும்பும் சான்று அமெரிக்காவில் பிறந்ததல்ல, புதுச்சேரியில் பிறந்தது. ஜிப்மர் மருத்துவர்கள் இரைப்பை, கல்லீரல், கணையம், பித்தப்பை, நுரையீரல் ஆகிய இடங்களில் முற்றிய புற்றுநோயோடு கீமோ எடுத்த 124 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். மனநோய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் ஓலான்சபின் மாத்திரையை மிகக் குறைந்த அளவில், தினம் 2.5 மில்லிகிராம், பன்னிரண்டு வாரம் ஒரு சாராருக்குக் கொடுத்தார்கள். மறு சாராருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஓலான்சபின் எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினருக்கு எடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. மற்றவர்களில் 9 விழுக்காட்டினருக்குத்தான் அப்படிக் கூடியது. பசியும் தெளிவாக மேம்பட்டது. 2023இல் வெளியான இந்த ஆய்வைத் தொடர்ந்து அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டுதலையே திருத்தியது. காப்புரிமை முடிந்து, மலிவாக, எல்லா ஊரிலும் கிடைக்கும் மாத்திரை அது. மருத்துவர் பார்த்து எழுதித்தர வேண்டிய மருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிடிஎஃப்-15ஐத் தடுக்கும் பொன்செக்ரோமாப் என்னும் புதிய ஊசியும் 2024இல் வெளியான 187 பேர் கொண்ட சோதனையில் எடையைக் கூட்டியிருக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் உச்ச அளவு பெற்றவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களைவிட ஏறத்தாழ 2.8 கிலோ அதிகம். எடை கூடினால் ஆயுளும் கூடுமா என்பதற்கு இந்தச் சோதனைகள் உறுதியான விடை தந்துவிடவில்லை. தசை கூடுகிறதா, வெறும் கொழுப்பா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளித்தவர் மறுபடி குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதும், கீமோவைத் தாங்குவதும் தம்மளவிலேயே சிகிச்சையின் பலன்கள்தாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எந்த நிலையிலும் விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ககெக்ஸியாவுக்கு ஒரு கடைசிப் படி உண்டு. அங்கே உடல் எதையும் ஏற்காது. அந்த நிலையில் மூக்கில் குழாய் விட்டு ஊற்றுவதும் நரம்பில் சத்து ஏற்றுவதும் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும்தான் தரும். பசியே இல்லாதவரைப் பட்டினி போடுகிறோமே என்ற குற்ற உணர்விலிருந்து குடும்பத்தை விடுவிப்பதும் மருத்துவத்தின் கடமை. நோயாளி எந்தப் படியில் இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் தொடக்கத்திலிருந்தே யாராவது அளந்துகொண்டு வந்திருக்க வேண்டும். அப்படித் தொடக்கத்திலிருந்தே உடன்வர வேண்டியது வலி நிவாரண மற்றும் ஆதரவு சிகிச்சை; ஆனால் அது என்றாலே எல்லாம் கைவிட்டபின் அனுப்பும் இடம் என்ற எண்ணம் இங்கே மருத்துவர்களிடமும் இருக்கிறது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது. நோய் தெரிந்தவுடனே கீமோவோடு சேர்த்து ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் நடுமதிப்பாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள். கீமோ மட்டும் வழக்கம்போல் பெற்றவர்கள் 8.9 மாதம். ஆதரவு சிகிச்சை பெற்றவர்களுக்கு மனச்சோர்வும் குறைவாக இருந்தது, இறுதி நாள்களில் உடலை வதைக்கும் சிகிச்சைகளும் குறைவாக இருந்தன.

கூட்டம் நிரம்பி வழியும் அரசு மருத்துவமனைகளில் இதற்கெல்லாம் நேரமேது, ஆளேது என்பது கடைசி மறுப்பு. இதற்குத் தமிழ்நாடே பதில் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடனே ஒவ்வொருவருக்கும் உடல் நிறை குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்த ஆக்சிஜன், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். ஸ்கேன் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார். மிக மெலிந்தவர்கள் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் துணையோடு நடக்கும் இந்த ஏற்பாடு, மருந்தைப் போலவே மெலிவும் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதை ஒரு மாநிலம் முழுக்க நடைமுறையாக்கிக் காட்டியிருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் 5 விழுக்காடு எடை கூடிய காசநோயாளிகளிடம் இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. காசநோயாளிக்கு ஊட்டத்துக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய மத்திய அரசு, 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ரூபாயாக்கியது. காசநோயும் புற்றுநோயும் ஒன்றல்ல. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் காசநோயாளி தேறுவதுபோல் புற்றுநோயாளி தேறுவார் என்று சொல்ல முடியாது. ஆனால் அளக்க நேரமில்லை என்ற வாதம் இதற்குப் பின் நிற்காது.

ஆகவே கேட்பது பெரிய கட்டடமோ கோடிக்கணக்கில் இயந்திரமோ அல்ல. புற்றுநோய்ப் பிரிவின் ஒவ்வொரு புறநோயாளி அறையிலும் ஓர் எடை இயந்திரம். ஒவ்வொரு வருகையிலும் எடையும், ஆறு மாதத்துக்கு முந்தைய எடையோடு அதன் வித்தியாசமும் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். 5 விழுக்காடோ, ஒல்லியானவர்களுக்கு 2 விழுக்காடோ தாண்டியவுடன் உணவியல் நிபுணரிடமும் ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்புவது மருத்துவரின் விருப்பத்தைச் சார்ந்ததாக இல்லாமல் விதியாக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் தொகுப்புத் தொகை தருகிறது. அந்தத் தொகுப்புக்குள் ஊட்டச்சத்து ஆலோசனையும் புரத மாவும் பசிக்கான மருந்தும் சேர்க்கப்பட வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் ஊழியர்கள் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சையும் தருகிறார்கள். ஒரு சுற்று கீமோ முடித்து மூன்று வாரம் வீட்டிலிருக்கும் நோயாளியின் எடையை அவர்களே இடையில் ஒருமுறை பார்த்து மருத்துவமனைக்குச் சொல்லலாம். அடுத்த ஊசிக்கு வரும் நாளில்தான் ஐந்து கிலோ போயிருப்பது தெரியவருகிறது என்ற நிலை அப்போது இருக்காது. ஜிப்மரில் சோதித்த மாத்திரை எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவிலும் பசிக்கான மருந்தாகக் கிடைக்க இந்த ஆண்டே உத்தரவு போட முடியும்.